எல்லையில் விளைந்த காப்பி

1

இந்தக் கதைக்குக் காரணம் வயிற்றெரிச்சல். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு மத்தியானம் சமையலறையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வானொலியில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரைப் பேட்டி எடுத்தார்கள். எழுபத்தைந்தாம் ஆண்டு நம் தென்னாப்பிரிக்கப் படை அங்கோலாவுக்குள் போனதை நாட்டு மக்களிடம் மறைத்தது சரியா என்று பேட்டி எடுத்த பெண் கேட்டாள். "மறைக்கவில்லை அம்மா, சொல்வதைத் தள்ளிப்போட்டோம்," என்றார் அவர். அவளும் சிரித்துவிட்டு நன்றி சொன்னாள். தள்ளிப்போட்டார்களாம். பல் வலிக்காரன் வைத்தியரைத் தள்ளிப்போடுகிற மாதிரி. கீரையை அப்படியே விட்டுவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

[அன்றைக்கு வீட்டில் வெறும் பருப்புதான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்கும்.]

நான் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவள். பெயர் பாக்கியம். நானும் என் கணவர் பெருமாளும் டிரான்ஸ்வால் மாகாணத்தின் மேற்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தோம். ஊர்ப்பெயரைச் சொல்ல மாட்டேன். மற்றவர்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். சில பேச்சுகளை நானே இட்டுக்கட்டியும் இருக்கிறேன். அரசாங்கமே கூசாமல் இட்டுக்கட்டியபோது கதை எழுதுகிறவளுக்கு என்ன வந்தது?

2

முதல் வரியை எழுதி எழுதி அடித்தேன்.

"ஹெஸ்டர் ரூட் தங்கமான பெண்மணி." பொய். அடித்துவிட்டேன்.

"போரில் முதலில் சாவது." இந்த வாக்கியத்தை இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. உண்மைதான் என்று எல்லோரும் எழுதியாயிற்று.

"ஹெஸ்டர் ரூட் ஒரு தலையணை உறை நிறையப் பச்சைக் காப்பிக்கொட்டையைச் சுமந்துகொண்டு எங்கள் கடைக்குள் வந்தாள்." இது நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் மாதம். கடையில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள், எல்லோரும் கறுப்பர்கள். ஹெஸ்டர் வெள்ளைக்காரி, ஆகவே வரிசை அவளுக்கு இல்லை. நேராக வந்து உறையைத் தராசுக்குப் பக்கத்தில் தொப்பென்று வைத்தாள்.

"சாமி, இதை வறுத்து அரைச்சுக் குடு. கருக்கிப்புடாத."

[இங்கே ஒரு நிமிடம். தமிழ்நாட்டு வாசகருக்கு 'சாமி' மரியாதையாகக் காதில் விழும். முனிசாமி, வீராசாமி என்று கூலிகளாகக் கப்பலில் வந்தவர்களின் பெயர் வாலைப் பிடித்து, இந்தியன் என்றாலே 'சாமி' என்று வெள்ளைக்காரர்கள் வைத்த பொதுப்பெயர் அது. எங்கள் ஊரில் அது வசவு. ஹெஸ்டர் பேசியது ஆப்பிரிக்கான்ஸ் மொழி. நான் அவளைத் தமிழில் பேசவைக்கிறேன். அவளுக்கு இது பிடிக்காது. பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.]

பெருமாள் ஒரு கொட்டையை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

"ஏதும்மா இது?"

"என் கிதியோன் குடுத்தனுப்புனான். லீவுல வந்த அவன் கூட்டாளி கொண்டாந்தான். எல்லையில ஒரு கொட்டகை நெறைய சும்மா கெடந்துச்சாம். ஆளுக்கு ஒரு உறை அள்ளிட்டானுங்க."

"எல்லையிலயா?"

"ஆமா. ஏன், காப்பி உன் கடையில மட்டும்தான் கெடைக்கணுமா?"

அவளே சொல்லி அவளே சிரித்தாள். கிதியோன் அவளுக்கு ஒரே பிள்ளை. கணவன் எப்போதோ டிராக்டர் கவிழ்ந்து போய்விட்டான். பையனுக்குப் பத்தொன்பது வயது, கட்டாய ராணுவ சேவை. எங்கே இருக்கிறான் என்றால் எல்லையில். அந்த வருடம் எந்தத் தாயைக் கேட்டாலும் இதே பதில்தான். எல்லை, எல்லை. எந்த நாட்டுக்கும் எந்த நாட்டுக்கும் நடுவில் என்று ஒருத்தியும் கேட்டதில்லை. ராணுவம் அந்த ஒற்றைச் சொல்லைத் தாய்மார்களின் வாயில் மிட்டாய் மாதிரி போட்டு அனுப்பியிருந்தது.

அவள் போன பிறகு பெருமாள் என்னிடம் தமிழில் சொன்னார்.

"பாக்கியம், அந்த எல்லைப் பக்கம் மணலும் முள்ளும்தான். காப்பி எங்கடி வெளையும்?"

"எனக்கென்ன தெரியும்?"

"போன வருசம் வரைக்கும் அங்கோலாவோட லுவாண்டா முத்திரை போட்ட மூட்டையில நமக்கு வந்துச்சே, அதே கொட்டை. அந்தப் பய எல்லையில இல்ல. அங்கோலாவுக்குள்ள எங்கயோ கெடக்கான்."

"வாய மூடிக்கிட்டு வறுங்க. நமக்கெதுக்கு வம்பு."

அவர் வறுத்தார். கடை முழுக்க மணம். அலமாரி மேல் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. நம் படைவீரன் ஒருவன்கூட எல்லையைத் தாண்டவில்லை, அப்படிச் சொல்வது எதிரிகளின் பிரச்சாரம் என்று அமைச்சகத்தின் அறிக்கையை ஒரு கனத்த குரல் படித்தது. அங்கோலாவின் காப்பி மணத்தை மூக்கில் வாங்கிக்கொண்டே அதைக் கேட்டேன். வரிசையில் நின்ற ஒரு கிழவர் மட்டும் சட்டியையும் வானொலியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாருக்குக் காது குத்துறானுங்க," என்று முணுமுணுத்தார்.

3

அரசாங்க ரகசியம் எப்படி வெளியே வரும்? படங்களில் ஒரு அதிகாரி மனசாட்சி உறுத்தி, கோப்புகளைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வருவார். நானும் அப்படி ஒருவரை உருவாக்கிப் பார்த்தேன். தலைநகரத்தில் ஓர் அலுவலகம், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா, [அவன் கை நடுங்கியது. வராந்தாவில் காலடிச் சத்தம்] போதும், தூக்கிப் போட்டுவிட்டேன். எங்கள் ஊரில் ரகசியத்தை உடைத்தது ஒரு தாயின் நன்றி.

சனிக்கிழமை மதியம் வானொலியில் படைவீரர்களுக்கான வாழ்த்து நிகழ்ச்சி உண்டு. தாய்மாரும் காதலிகளும் எழுதிப் போடுவார்கள், இனிமையான குரலில் ஒருத்தி படிப்பாள், பாட்டு போடுவார்கள். நாடே கேட்கும். படம் பிடித்து அனுப்பினால் தணிக்கை, பத்திரிகையில் எழுதினால் சட்டம். ஆனால் ஒரு அம்மா பிள்ளைக்குச் சொல்கிற வாழ்த்தை எவன் தணிக்கை செய்வான்? எல்லாமே 'பல்லைக் கடித்துக்கொள் மகனே, உனக்காக ஜெபிக்கிறோம்' ரகம். படிக்கிறவளுக்கும் பாதித் தூக்கம்தான்.

ஹெஸ்டரின் வாழ்த்து இப்படி வந்தது: "என் அன்பு கிதியோன், நீ அனுப்பிய பச்சைக் காப்பி பத்திரமாக வந்து சேர்ந்தது. தெரு முழுக்கக் கொடுத்தேன். அங்கே காய்ப்பது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யார் நினைத்தார்கள். இன்னும் கிடைத்தால் அனுப்பு. பல்லைக் கடித்துக்கொள். அம்மா."

பிறகு பாட்டு.

பாட்டு முடிவதற்குள் தொலைபேசி மணிகள் அடிக்கத் தொடங்கின. எங்கள் பக்கத்தில் பத்துப் பண்ணைகளுக்கு ஒரே கம்பி. ஒருவர் பேசினால் மற்றவர்கள் ரிசீவரை எடுத்து மூச்சுக்கூட விடாமல் கேட்பார்கள். ஒருத்தி சொன்னாளாம், "என் பையனும் காப்பி அனுப்பினான்." இன்னொருத்தி குறுக்கே புகுந்தாளாம், "எனக்கு அன்னாசிப்பழம் தகர டப்பாவுல, மேல போர்ச்சுகீசு எழுத்து." ஒட்டுக்கேட்கிற பழக்கம் உள்ள ஊரில் யாரும் அன்றைக்கு ஒட்டுக்கேட்காதவர் மாதிரி நடிக்கவில்லை. போர்ச்சுகீசியர் ஆண்டது அங்கோலாவை. எல்லையில் அன்னாசி. எல்லையில் காப்பி. பெண்கள் கூட்டிக் கழித்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அடுத்த வாரமே அங்கோலாப் பக்கத்து வானொலி ஆப்பிரிக்கான்ஸில் பேசியதாம்: "தென்னாப்பிரிக்கத் தாய்மாரே, நீங்கள் குடிக்கும் காப்பி எங்களுடையது." நான் என் காதால் கேட்கவில்லை. கேட்டதாகச் சொன்னவர் கொஞ்சம் குடிப்பவர். ஆனால் அந்த வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

4

மேஜர் லாத்தெகன் காப்பியைக் கைது செய்ய வந்தார்.

கேலி இல்லை. அவரும் இரண்டு சிப்பாய்களும் வீடு வீடாகப் போய் ஹெஸ்டர் கொடுத்த காப்பித் தூளை வாங்கிக் கோணிப்பையில் கொட்டினார்கள். ஒரு வீட்டில் அடுப்பிலிருந்த கெண்டியையே கவிழ்த்தார்களாம். கடைசியில் ஹெஸ்டரையும் கூட்டிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். சிவந்த முகம், நல்ல இஸ்திரி. பெருமாளைப் பார்த்துக் கேட்டார்.

"இந்தம்மா உன் கடையில காப்பி வாங்குனாங்களா?"

"அரைச்சுத்தான் குடுத்தேங்கய்யா."

"நான் கேட்டது அது இல்ல. பச்சைக் கொட்டை உன் கடையிலதான் வாங்குனாங்க. இல்லியா?"

"என் கடையில பச்சைக் கொட்டை இல்லீங்களே."

"இருந்துச்சு. வித்துத் தீந்துபோச்சு." மேஜர் சுவரில் மாட்டியிருந்த அனுமதிச் சீட்டைப் பார்த்தார். வெள்ளையர் ஊரில் இந்தியன் கடை நடத்த வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய சீட்டு. "மார்ச்சுல புதுப்பிக்கணும் போல."

பெருமாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "ஆமாங்கய்யா. என் கடைக் காப்பிதான்."

"டேய் சாமி, என்ன உளர்ற?" ஹெஸ்டருக்கு வந்ததே கோபம். "நான்தானே உறையோட கொண்டாந்தேன்? மேஜர், இவன் பொய் சொல்றான்."

மேஜர் அவள் தோளில் கை வைத்தார். "உங்க பையன் பத்திரமா வீடு திரும்பணுமா, வேண்டாமா? திரும்பணும்னா காப்பி சாமி கடையில வாங்குனது. நீங்க குழம்பிட்டீங்க. தாய்மாருக்கு ஏற்படுறதுதான்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவளுடைய பொய்யையும் எங்களுடைய பொய்யையும் ஒரே நேரத்தில் வாங்கிக்கொண்டு போனார் அந்த மனிதர். போகும்போது ஒரு மிட்டாய்ப் பொட்டலமும் எடுத்துக்கொண்டார்.

5 [இந்தப் பகுதியை வைப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை]

இதுவரை படித்த உங்களுக்கு ஹெஸ்டர் மேல் இரக்கம் வந்திருக்கும். எனக்கும் வருகிறது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கொட்டகை நிறையச் சும்மா கிடந்ததாம். காப்பி சும்மா கிடக்குமா? யாரோ பறித்திருக்கிறார்கள், காயவைத்திருக்கிறார்கள், குத்தித் தோல் நீக்கியிருக்கிறார்கள். அந்தக் கொட்டகைக்கு ஒரு சொந்தக்காரர் இருந்திருப்பார். நம் பீரங்கி வண்டி வந்தபோது அவர் எங்கே போனார்? ஓடினாரா? ஓட முடிந்ததா? அவரை எழுத உட்கார்ந்தேன்.

[தொமிங்கா தன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மலைப்பக்கம்]

[அந்தக் கிழவர் கொட்டகையின் கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை]

[கிதியோன் உறையை விரித்தபோது மூலையில் ஒரு]

மூன்றும் பாதியில் நிற்கின்றன. என்ன பேசுவார்கள், எந்தப் பாத்திரத்தில் சமைப்பார்கள், எதற்குச் சிரிப்பார்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் அரசாங்கம் எங்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டது. அவர்களைக் கொன்றது ஒரு அயோக்கியத்தனம். அவர்கள் இருந்ததே இந்த நாட்டுக்குத் தெரியாமல் செய்தது இன்னொன்று. 'படை அங்கே போகவில்லை' என்றால் 'அங்கே யாரும் சாகவில்லை' என்றுதானே பொருள்? இந்தப் பகுதி காலியாக இருப்பதற்கு நான் மட்டும் காரணம் இல்லை. அதனால் அடிக்காமல் அப்படியே விடுகிறேன்.

6

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கிதியோன் இறந்தான்.

செய்தியைக் கொண்டுவந்தவர் அவர்கள் சபையின் போதகர். அந்த ஊரில் போதகர் வேலை நாளில் கறுப்புக் கோட்டோடு வாசல் கதவைத் தட்டினாலே விஷயம் தெரிந்துவிடும். ஹெஸ்டர் கதவைத் திறக்க மறுத்தாளாம். ஜன்னல் வழியாகத்தான் அவர் சொன்னார். எல்லையில் வாகன விபத்து. பெட்டி மூடி முத்திரையிட்டு வந்தது, திறக்கக் கூடாது என்று உத்தரவு. இரண்டு சிப்பாய்கள் கல்லறைக்குழி மூடும் வரை பக்கத்திலேயே நின்றார்கள். பிள்ளையின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவிடாத நாடு அது. இன்றும் நினைத்தால் எனக்கு எரிகிறது. என்னைச் சந்தில் பார்த்தால் ஒதுங்கிப் போகிறவள்தான் ஹெஸ்டர். ஆனாலும் எரிகிறது.

கல் வைக்க வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது.

அவர்கள் வழக்கப்படி கல்லறைக் கல்லில் இரண்டு ஊர் பொறிப்பார்கள். பிறந்தது இன்ன ஊரில், இறந்தது இன்ன ஊரில். பண்ணையில் செத்தால் பண்ணையின் பெயர், வண்டிப் பாதையில் செத்தால் பக்கத்து ஆற்றின் பெயர். ஊர் இல்லாமல் சாகிற வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. 'எல்லை' ஊர் இல்லை. கல்தச்சர் உளியை வைத்துக்கொண்டு கேட்டாராம், "எந்த ஊருன்னு போடறது?"

ஹெஸ்டர் ராணுவ அலுவலகத்துக்குப் போனாள். எல்லை என்றார்கள். "ஊர் பேரு கேக்குறேன்," என்றாள். "போர்ப் பகுதி," என்றார்கள். மேஜரைப் பார்க்க முடியவில்லை. போதகரைக் கேட்டாள். 'கடவுளுக்குத் தெரியும் சகோதரி' என்று அவர் சொன்னதற்கு, அவள் சொன்ன பதில் அன்று மாலைக்குள் தொலைபேசிக் கம்பி வழியாக ஊர் முழுக்கப் போய்விட்டது. "கடவுள் கல்லு செதுக்க வருவாரா, போதகரே?"

7

கடைசிக் காட்சி. ஜனவரி, காலை நேரம். இதை நான் இட்டுக்கட்டவில்லை.

ஹெஸ்டர் கடைக்குள் வந்தாள். பின்னாலேயே போதகர். கடைக்கு வெளியே கல்தச்சரின் வண்டி நின்றது. கடையில் நானும் பெருமாளும் மட்டும்.

"வாய மூடுனா பையன் திரும்புவான்னு சொன்னான் அந்த மேஜர்," என்றாள். "மூடுனேன். என் தங்கச்சிகிட்டகூட மூச்சு விடல. வந்தானா?"

பெருமாள் தராசுத் தட்டைத் துடைத்தார்.

"சாமி, அது உன் கடைக் காப்பி இல்லேன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை விடு. அன்னிக்கு ஒரு கொட்டையக் கடிச்சுப் பாத்தியே, உன் மூஞ்சிய நான் பாத்தேன். உனக்குப் புரிஞ்சிருச்சு. அது எந்த நாட்டுக் கொட்டை? அந்தப் பேரு எனக்கு வேணும்."

"சகோதரி, பாவம் அவனை எதுக்கு," என்று போதகர் ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க போதகரே. சாட்சிக்குத்தான் உங்களக் கூட்டிட்டு வந்தேன். கல்லறைத் தோட்டம் சபைக்குச் சொந்தம். நாளைக்கு நீங்க இல்லேன்னு சொல்லக் கூடாது." பிறகு பெருமாளிடம் திரும்பினாள். அழவில்லை. "என் பிள்ளை எங்க செத்தான்னு எழுதணும். சொல்லு."

[இங்கே முதல் வரைவில் அவள் 'பெருமாள்' என்று கூப்பிடுவதாக எழுதியிருந்தேன். படித்தவர்கள் கண்கலங்கினார்கள். அடித்துவிட்டேன். பதினான்கு வருடம் எங்களிடம் மாவு வாங்கியவள் அவர் பெயரைக் கேட்டதே இல்லை. பெயர் கேட்காத ஆளிடம்தான் பெயர் கேட்டு வந்து நின்றாள்.]

பெருமாள் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சொன்னால் போதகர் வழியாக மேஜருக்குப் போகும். மார்ச்சில் சீட்டு கிடைக்காது; கடை போகும், வீடு போகும், ஜெயிலும் உண்டு. சொல்லாவிட்டால் ஒரு தாய் பிள்ளையின் கல்லில் ஒரு பொய்யை வைத்துக் கும்பிட்டுக்கொண்டு கிடப்பாள். அங்கோலாவில் செத்தவர்கள் இன்னொரு தடவை இல்லாமல் போவார்கள்.

பெருமாள் வாயைத் திறந்தார்.

8

என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் நின்றேன். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், ஹெஸ்டரும் போய்விட்டாள். போதகர் என்ன ஆனார் என்று தெரியாது.

உண்மையைச் சொன்னார் என்று ஒரு முடிவு எழுதினேன். கல்லில் 'அங்கோலா' என்று பொறிக்கிறார்கள், சிப்பாய்கள் வந்து பெயர்க்கிறார்கள், நாங்கள் சாமான்களை லாரியில் ஏற்றுகிறோம். படித்துப் பார்த்தேன். நீங்கள் 'பலே பெருமாள்' என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போவீர்கள். பொய் சொன்னார் என்று இன்னொரு முடிவு எழுதினேன். ஹெஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போகிறாள், கல்லில் 'எல்லையில்' என்று இருக்கிறது. அதற்கும் நீங்கள் 'பாவம், அவர்கள்தான் என்ன செய்வார்கள்' என்று உச்சுக்கொட்டிவிட்டுத் தூங்கப் போவீர்கள். இரண்டு முடிவிலும் பெருமாள்தான் விசாரணைக் கூண்டில் நிற்கிறார். பொய்யைத் தயாரித்தவர்கள், பேச்சு எழுதிக் கொடுத்தவர்கள், பெட்டிக்கு முத்திரை போட்டவர்கள் எல்லோரும் பென்ஷன் வாங்கிக்கொண்டு வானொலியில் 'தள்ளிப்போட்டோம்' என்று சிரிக்கிறார்கள். ஒரு அமைச்சகமே சொல்ல மறுத்த ஒரு பெயரை, வெற்றிலை போட்டுக்கொண்டு காப்பி அரைக்கிற ஒரு மனிதர் பிழைப்பைப் பணயம் வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை. ஆறவும் ஆறாது.

ஆகவே இரண்டு முடிவையும் கிழித்துவிட்டேன். பெருமாளையும் அந்த இடத்திலிருந்து நகர்த்திவிடுகிறேன். அவர் ஒருமுறை நின்றது போதும்.

நீங்கள் வாருங்கள். தராசுக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள். உங்கள் மனைவி பக்கத்தில் நிற்கிறாள், அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். போதகர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். உங்களை ஒரு நாளும் மதிக்காத ஒருத்தி, பிள்ளையைப் பறிகொடுத்தவள், உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த நாட்டின் பெயர் உங்களுக்குத் தெரியும். வெளியே கல்தச்சர் வண்டியை விட்டு இறங்கி வந்து, கல்லில் என்ன பொறிப்பது என்று கேட்கிறார்.